பட்டாவில் தொலைந்த பூங்கா

சென்னையின் தென்புறநகரில், தொண்ணூறுகளில் அங்கீகாரம் பெற்ற ஒரு மனைப்பிரிவு. குடியிருப்போர் சங்கச் செயலாளரான ஓர் அம்மா, சி.எம்.டி.ஏ. முத்திரையுள்ள வரைபடத்தின் நகலை ஸ்கூட்டர் இருக்கையில் விரித்துக் காட்டினார். 'பூங்கா' என்று எழுதிய இடத்தில் அவர் விரல் நின்றது. நிமிர்ந்து எதிரே பார்த்தேன். கருங்கல் தூண்களில் முள்கம்பி, புதிதாகப் போட்ட போர்வெல், அதன் வாயில் நீல மூடி, அளவுக் கயிறு கட்டி வெட்டிய கடைக்கால் குழி. பக்கத்துத் தெருவில் பிள்ளைகள் வண்டிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டுக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால், சாலைகள் போக மீதியில் 10 சதவீதத்தைப் பொது இடமாக விட்டு, தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதித் தரவேண்டும். இங்கே எழுதியும் கொடுத்திருக்கிறார்கள். பிறகு எப்படிப் போனது?

அந்த அம்மா வைத்திருந்த கோப்பில் பதில் இருந்தது. அன்றைய ஊராட்சி பத்திரத்தை வாங்கி வைத்ததோடு சரி, பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றவில்லை. ஊராட்சி நகராட்சியோடு இணைந்தபோது சொத்துப் பதிவேட்டிலும் பூங்கா ஏறவில்லை. புல எண் உட்பிரிவானது. புதிய எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டால் பழைய தானப் பத்திரம் அதில் வரவே இல்லை. பட்டாவில் பழைய உரிமையாளர் பெயரே இருந்ததால் வாரிசுகள் விற்றார்கள், ஒரு கட்டுமானக்காரர் வாங்கினார்.

அதற்குப் பிறகு நடந்ததை வெறும் கவனக்குறைவு என்று என்னால் ஏற்க முடியாது. காலிமனை வரி போட்டிருக்கிறார்கள், மின் இணைப்பு கொடுத்திருக்கிறார்கள், கட்டட அனுமதியும் தந்திருக்கிறார்கள். அனுமதி கொடுத்தவர் தன் அலுவலகத்திலேயே இருக்கும் மனைப்பிரிவு வரைபடத்தை எடுத்துப் பார்த்திருந்தாலே போதும். பார்க்காமல் இருப்பதற்குத்தான் பணம் கைமாறுகிறது.

அந்த இடத்தின் ஒரு மூலையில் தகரக் கூரை போட்ட சின்னக் கோயில். பக்தியால் எழுந்த கோயில்களைச் சொல்லவில்லை. பொது இடத்தை மடக்க நினைப்பவர்கள் முதலில் சாமியை வைப்பது ஊரறிந்த வழி. இன்னொரு மூலையில் நகராட்சியே கட்டிய மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி. தண்ணீர் வேண்டும்தான். ஆனால் பூங்காவுக்கு விட்ட இடத்தை அரசே காலிமனையாக நினைத்தால் மற்றவர்களுக்கும் துணிச்சல் வந்துவிடும்.

பொதுத் தேவைக்குப் பூங்கா இடத்தை எடுக்கலாம் என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் எப்போதோ கேட்டுவிட்டது. பெங்களூரு ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கத்தில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தை 1976-இல் தனியார் மருத்துவமனைக்குத் தரச் சொல்லி கர்நாடக அரசு ஆணையிட்டது. குடியிருப்பவர்கள் வழக்குப் போட்டார்கள். மருத்துவமனையும் பொதுநலம்தானே என்ற வாதம் எடுபடவில்லை. திட்டத்தில் பூங்கா என்றால் பூங்காதான், அதைக் காக்க அந்தப் பகுதி மக்களே வழக்குத் தொடரலாம் என்று 1991-இல் தீர்ப்பு வந்தது.

இந்தக் குடியிருப்போர் சங்கத்தினர் கையில் எடுத்தது தகவல் அறியும் உரிமைச் சட்டம். மனுவில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, 'ஏன்' என்று கேட்காமல் நகல்களை மட்டும் கேட்டிருக்கிறார்கள்: தானப் பத்திரம், சொத்துப் பதிவேட்டின் பக்கம், கட்டட அனுமதிக் கோப்பு. விளக்கம் கேட்டால் மழுப்பலாம், நகல் கேட்டால் கொடுத்தாக வேண்டும். ஊர்வலமும் கோஷமும் வேண்டாம் என்பதில்லை. ஆனால் தாளில் பறிபோன நிலத்தைத் தாளில்தான் மீட்க வேண்டியிருக்கிறது. மண் கொட்டும் நாள்வரை காத்திருந்தால் பாதி தோற்றுவிட்டோம் என்று பொருள்.

பூங்கா இடத்தைப் பார்த்துவிட்டு வட்டாட்சியர் அலுவலகம் போனோம், பட்டாவை நகராட்சி பெயருக்கு மாற்றக் கேட்கும் மனுவோடு. "வச்சிட்டுப் போங்கம்மா, பாத்துக்கறோம்" என்றார் எழுத்தர். "முத்திரை போட்டு நகலைக் குடுங்க சார், நாங்க நிக்கிறோம்" என்றார் அந்த அம்மா. முத்திரையும் தேதியும் விழுந்த நகலைக் கோப்பில் சேர்த்துக்கொண்டார். அந்தப் புல எண்ணில் இனிப் பத்திரம் பதியக் கூடாது என்று கேட்கும் மனு இன்னும் கையில் இருந்தது. சார்பதிவாளர் அலுவலகம் மூடுவதற்குள் போய்விட வேண்டும் என்று ஸ்கூட்டரைக் கிளப்பினார்.