மூன்று நிமிடமும் முந்நூற்று அறுபதாயிரம் ஜூலும்



அண்மையில், இடைநிலைப்பள்ளியில் பயிலும் முன்னாள் மாணவி ஒருத்தி ஒரு கணக்கோடு வந்தாள். 2000 வாட் மின் கேத்தல் ஒன்று 3 நிமிடம் இயங்கினால் அதற்கு வழங்கப்பட்ட மின்சக்தி எவ்வளவு? அவள் எழுதியிருந்த விடை 6000 ஜூல். சூத்திரம் சரி, பெருக்கலும் சரி. ஆனால் விடை தவறு.

காரணம் கணிதத்தில் இல்லை, சொல்லில் இருக்கிறது. ஒரு வாட் என்றால் ஒரு விநாடிக்கு ஒரு ஜூல் என்று பொருள். 'விநாடிக்கு' என்ற சொல் மனத்தில் பதிந்துவிட்டால், 3 நிமிடத்தை 180 விநாடியாக மாற்ற வேண்டும் என்பது தானே விளங்கும். 2000 × 180 = 360,000 ஜூல். திறன் என்பது சக்தி செலவாகும் வேகம். சக்தி என்பது செலவான மொத்த அளவு. இவ்விரண்டையும் நாம் பேச்சில் ஒன்றாகவே புழங்குகிறோம். குழப்பம் அங்கேதான் முளைக்கிறது.

'வழங்கப்பட்ட' என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். ஒரு கிலோகிராம் நீரை 28 பாகையிலிருந்து 100 பாகை செல்சியசுக்குக் கொண்டுசெல்ல ஏறக்குறைய 4200 × 72 = 302,400 ஜூல் போதும். அதே கேத்தல் அந்நீரை 3 நிமிடத்தில் கொதிக்க வைத்தால், எஞ்சிய 57,600 ஜூல் கேத்தலைச் சூடாக்குவதிலும் காற்றிலும் நீராவியிலும் போய்விடுகிறது. நீர் பெற்றது வேறு, மின்சாரம் வழங்கியது வேறு. நாம் கட்டணம் செலுத்துவது வழங்கியதற்கே.

மின்கட்டணச் சீட்டு ஜூலில் வருவதில்லை. கிலோவாட் மணியில் வருகிறது. ஒரு கிலோவாட் மணி 3,600,000 ஜூலுக்குச் சமம். ஆகவே அந்தக் கேத்தல் செலவிட்டது 0.1 கிலோவாட் மணி.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 10 வாட் எல்.இ.டி. விளக்கு 10 மணி நேரம் எரிந்தாலும் செலவு அதே 0.1 கிலோவாட் மணிதான். குளியலறையில் உள்ள 3600 வாட் நீர்ச்சூடேற்றியை முழு அளவில் வைத்து 20 நிமிடம் குளித்தால் 1.2 கிலோவாட் மணி, அதாவது அந்த விளக்கு பன்னிரண்டு இரவுகள் எரியும் செலவு! விளக்கை அணைக்க மறந்த பிள்ளையைக் கடிந்துகொள்கிறோம்; நீண்ட நேர வெந்நீர்க் குளியலை யாரும் கேட்பதில்லை. வெப்பம் தரும் கருவிகள் மின்சாரத்தை மிகுதியாக விழுங்குகின்றன. விளக்கை அணைப்பதும் நற்பழக்கமே. ஆனால் சிக்கனம் அதோடு முடிந்துவிடுவதில்லை.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். இவ்வாரம் உங்கள் பிள்ளையை வீட்டிலுள்ள மின்கருவிகளின் அடியில் அச்சிட்டிருக்கும் வாட் அளவைப் படித்து எழுதச் சொல்லுங்கள். எவ்வளவு நேரம் இயங்கியது என்பதை அவர்களே குறிக்கட்டும், அவர்களே பெருக்கட்டும். மாதக் கட்டணச் சீட்டை அவர்கள் கையில் கொடுங்கள். மனனம் செய்த சூத்திரம் தேர்வோடு மறந்துபோகும். தன் வீட்டுச் செலவைத் தானே கணக்கிட்ட பிள்ளை அதை மறப்பதில்லை என்பது என் தாழ்மையான கருத்து.

சிந்திப்போம், செயல்படுவோம்.