குறூப் கிளாஸில் சேர முன் நாம் கேட்க வேண்டியவை



முன்பெல்லாம் ஜிம் என்றால் இளந்தாரிமார் கை பருக்க வைக்கப் போகும் இடம். இப்போது கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை பார்த்தால், சுபஹ் தொழுதுவிட்டு நேரே ஜிம்முக்குப் போகும் நாற்பது தாண்டியவர்களும் இருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ், நல்ல மாற்றம். அதில் ஆட்களை அதிகம் இழுப்பது குறூப் கிளாஸ். பத்துப் பதினைந்து பேர் ஒன்றாக நின்று, பாட்டுக்கும் விசிலுக்கும் குதித்து, குந்தி எழும்பி, பாரம் தூக்கி, முக்கால் மணித்தியாலத்தில் வியர்வையில் குளித்து வெளியே வருவது. கிராஸ்ஃபிட், ஹிட், டபாட்டா என்று பல பெயர்கள்.

எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் போன தவணை முழுக்க இதே கதைதான். சேர்வதா, வேண்டாமா என்று ஆறு பேர் கூடிப் பேசினோம். வாசித்தோம், தெரிந்த வைத்தியர்களிடம் கேட்டோம். கடைசியில் எல்லோரும் ஒரே முடிவுக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை எழுதினால் மற்றவர்களுக்கும் உதவும் என்று தோன்றியது.

முதலில் நல்லதைச் சொல்வோம். வேகமான பயிற்சி வீண் வேலை அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலில், வளர்ந்தவர்களுக்கு வாரத்துக்கு 150 தொடக்கம் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, அல்லது 75 தொடக்கம் 150 நிமிடம் கடுமையான பயிற்சி போதும் என்கிறது. அதோடு இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை கொடுக்க வேண்டும். அதாவது கடுமையாகச் செய்தால் பாதி நேரம் போதும். பள்ளிக்கூடம், டியூஷன், வீட்டு வேலை என்று ஓடும் நமக்கு இது பெரிய விஷயம். வேலை செய்யும் தசை இரத்தத்தில் இருக்கும் சீனியை இழுத்துக்கொள்வதால், சீனி வருத்தக்காரருக்கும் பயன் உண்டு.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். டபாட்டா என்று நமது ஜிம்களில் சொல்லப்படும் முறை, 20 விநாடி முழு வேகம், 10 விநாடி ஓய்வு என்று நான்கு நிமிடம் செய்வது. ஜப்பானிய ஆய்வாளர் இசுமி டபாட்டா இதைப் பற்றிய ஆய்வை 1996இல் வெளியிட்டார். அவர் யாரை வைத்துச் சோதித்தார்? உடற்கல்வி படித்த இளம் மாணவர்களை. அதுவும் ஓரிடத்தில் நிற்கும் சைக்கிளில். பதினைந்து வருடம் கதிரையில் இருந்து கொப்பி திருத்திய 45 வயது ஆளை பாரத்தோடு குதிக்க வைத்து அல்ல. மருந்து ஒன்றுதான், ஆனால் நோயாளி வேறு.

எங்களில் ஒருவர் கணித ஆசிரியர். வயது 48. பதினொரு வருடமாகச் சீனி வருத்தம், குளிசை பாவிக்கிறார். அவருடைய வாப்பா 52 வயதில் மாரடைப்பில் மௌத்தானவர். அதனால்தான் அவருக்கு எங்கள் எல்லோரையும் விட அவசரம். ஒரு நாள் இலவச கிளாஸுக்குப் போனார். பயிற்சி கொடுத்தவர் அவரிடமே ஓ லெவல் படித்த பெடியன். பக்கத்தில் நின்றவர்களிலும் மூன்று பேர் பழைய மாணவர்கள். "சேர், இன்னும் அஞ்சு! விடாதீங்க சேர்!" என்று எல்லோரும் சேர்ந்து கத்தினார்களாம். கண் இருட்டிக்கொண்டு வந்தது, கை நடுங்கியது. சீனி இறங்குகிறது என்று அவருக்கே விளங்கியது. ஆனாலும் அந்த ஐந்தையும் செய்து முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். யாரோ டொஃபி கொடுத்தார்கள். அல்லாஹ் காப்பாற்றினான்.

நாங்கள் கேட்டோம், "ஏன் சேர் நிப்பாட்டல்ல?" அவர் சொன்னார், "படிப்பிச்ச புள்ளைகளுக்கு முன்னால எப்படி நிப்பாட்ற?"

குறூப் கிளாஸில் உள்ள நன்மையும் ஆபத்தும் இந்த ஒரு பதிலில் இருக்கிறது. தனியே என்றால் நாம் மூன்றாம் நாள் படுத்துவிடுவோம். கூட்டம்தான் நம்மை விடியப்புறம் எழுப்பிக் கொண்டுபோகிறது. அதே கூட்டம்தான் நிறுத்த வேண்டிய இடத்தில் நம்மை நிறுத்த விடாமல் வெட்கப்பட வைக்கிறது. ஆகவே சேர முன் கேட்க வேண்டிய பெரிய கேள்வி, "எனக்கு இதைச் செய்ய ஏலுமா" என்பதல்ல. "பத்துப் பேருக்கு முன்னால் என்னால் நிறுத்த ஏலுமா" என்பதுதான்.

அதற்கு முன் உடம்பைப் பற்றிய கேள்விகள். பிரசர், சீனி, கொலஸ்ட்ரோல் பார்த்து எத்தனை மாதம்? 35 வயது தாண்டியவர்கள் அரச வைத்தியசாலையின் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். படி ஏறும்போது நெஞ்சு இறுகுகிறதா, தலை சுற்றுகிறதா? குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு வந்தவர்கள் இருக்கிறார்களா? இதில் ஒன்றுக்காவது ஆம் என்றால் முதலில் வைத்தியரிடம் போங்கள்.

குளிசையின் பெயரையும் சொல்லிக் கேளுங்கள். மெட்போர்மின் மட்டும் எடுப்பவருக்குச் சீனி ஆபத்தாக இறங்குவது அரிது. கிளிக்லசைட் எடுப்பவருக்கும் இன்சுலின் போடுபவருக்கும் அது நடக்கலாம். பிரசருக்கு அட்டெனலோல், பிசொப்ரொலோல் போன்றவை எடுத்தால் இதயத் துடிப்பு கூடாமல் அடங்கியே இருக்கும். கையில் கட்டிய வோச் எல்லாம் சரி என்று காட்டும், உடம்பு களைத்திருக்கும். அவர்களுக்குப் பேச்சுதான் நல்ல அளவுகோல். முழு வசனம் பேச முடிந்தால் மிதமான வேகம். இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் வராவிட்டால் அது கடுமையான வேகம். முதல் வாரங்களில் அங்கே போகத் தேவையில்லை.

அடுத்தது ஜிம். காசு கட்ட முன் ஒரு கிளாஸை ஓரமாக இருந்து பாருங்கள். புதிதாக வந்தவருக்கும் இரண்டு வருடம் செய்தவருக்கும் ஒரே பாரம் கொடுக்கிறார்களா? களைப்பில் முதுகு வளைந்தவரைத் திருத்துகிறார்களா, இல்லை எண்ணிக்கையை மட்டும் கத்துகிறார்களா? வருத்தம், மருந்து பற்றி உங்களிடம் கேட்டார்களா? குதிக்க ஏலாத முழங்காலுக்கு வேறு என்ன தருவார்கள்? இதற்கெல்லாம் பதில் இல்லாவிட்டால், அங்கே எவ்வளவு நல்ல மெஷின் இருந்தாலும் நமக்கு அது சரிவராது.

சகோதரிகளுக்குத் தனி நேரமும் பெண் பயிற்சியாளரும் இருப்பது நல்ல தொடக்கம். ஆனால் பிள்ளை பெற்ற பிறகு குதிக்கும்போது சிறுநீர் கசிந்தால் அதை வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். இடுப்பு அடித்தளத் தசைகள் இன்னும் தேறவில்லை என்பதன் அடையாளம் அது. சிகிச்சையும் பயிற்சியும் உண்டு. அதுவரை குதிப்பது வேண்டாம்.

நமது வெயிலையும் மறக்க வேண்டாம். தகரக் கூரைக்குக் கீழே, காற்றில்லாத இடத்தில் வியர்வை காயாது, உடம்பு சூடு இறங்காது. நோன்பு காலத்தில் பகலில் இந்தப் பயிற்சியைத் தவிர்த்து, நோன்பு திறந்த பிறகு குறைவாகச் செய்வது போதும்.

கடைசியாக இரண்டு எச்சரிக்கை. கடும் பயிற்சிக்குப் பிறகு தசை வீங்கித் தாங்க முடியாமல் வலித்து, சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போனால், அது சாதாரண உடம்பு நோவல்ல. தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை. அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நெஞ்சு வலி, இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி வந்தால் "காஸ்" என்று சொல்லிச் சோடா குடிக்காமல் 1990க்கு அழையுங்கள்.

எங்களில் இரண்டு இளம் ஆசிரியர்கள் சேர்ந்துவிட்டார்கள், சந்தோஷமாகப் போகிறார்கள். ஒரு ஆசிரியை பெண்கள் நேரத்தில் பாதி வேகத்தில் செய்கிறார். இரண்டு பேர் இன்னும் யோசிக்கிறார்கள். கணித சேர் வைத்தியரைக் கண்டு ஈசிஜி எடுத்தார். இப்போது அஸருக்குப் பிறகு கடற்கரையில் வேகமாக நடக்கிறார். மூன்று மாதம் கழித்து மீண்டும் கேட்பதாக வைத்தியர் சொல்லியிருக்கிறார். அந்த நடையும் 150 நிமிடக் கணக்கில் சேர்கிறது. அவர் தோற்றுப் போகவில்லை.

உடம்புக்கும் நம்மீது ஹக் இருக்கிறது. அதை அசையாமல் வைத்திருப்பதும் அநியாயம், பிறர் பார்க்கிறார்கள் என்று அதைப் போட்டு அடிப்பதும் அநியாயம்.

ஊர் ஜிம்களை நடத்தும் தம்பிமாருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் சேரோ, மாமாவோ, வாப்பாவோ வந்து நின்றால் "இன்னும் அஞ்சு" என்று கத்த முன் முகத்தைப் பாருங்கள். "போதும், உட்காருங்க" என்று முதலில் நீங்களே சொல்லுங்கள். அவர் அடுத்த நாளும் வருவார், இன்ஷா அல்லாஹ்.