கேட்காமல் கிடைத்த மன்னிப்பு

"கேஸ் முடிஞ்சுது, சரி சார். ஆனா நான் தப்பு பண்ணலைன்னு கோர்ட்டு சொல்லலையே?" சட்ட நுணுக்கம் ஒன்றால் வழக்கு கலைந்துபோன கட்சிக்காரர்கள் என்னிடம் இப்படிக் கேட்பதுண்டு. அப்போதெல்லாம் நான் நடத்தாத, தீர்ப்பாக மட்டுமே படித்த ஜப்பானிய வழக்கு ஒன்று நினைவுக்கு வரும்.

1946 மே 19. ஜப்பான் போரில் தோற்று ஒரு வருஷம்கூட ஆகவில்லை. டோக்கியோவில் ரேஷன் ஒழுங்காக வராத நேரம். சோறு கேட்டு அரண்மனைக்கு எதிரே சுமார் இரண்டரை லட்சம் பேர் திரண்டார்கள். அந்தக் கூட்டத்தில் மட்சுஷிமா மட்சுதாரோ என்ற கம்யூனிஸ்ட் தொழிலாளி ஓர் அட்டையைத் தூக்கிப் பிடித்தார். பேரரசர் ஹிரோஹிட்டோவின் அரசாணை போலவே அதை எழுதியிருந்தார். ராஜ்ஜியம் காப்பாற்றப்பட்டுவிட்டது, நான் வயிறு முட்டத் தின்கிறேன், குடிமக்களே நீங்கள் பட்டினி கிடந்து சாகுங்கள் என்பது சாரம். அசல் ஆணைகளில் வருகிற மாதிரியே கையொப்பம், முத்திரை என்று முடித்திருந்தார். அட்டையின் பின்பக்கம் நையாண்டியே இல்லை. எவ்வளவு உழைத்தும் நாங்கள் ஏன் பட்டினி கிடக்கிறோம், பதில் சொல்லுங்கள் என்று பேரரசரை நேராகக் கேட்டிருந்தார். அரசு தரப்புக்கு முன்பக்கமே போதுமானதாக இருந்தது. தண்டனைச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, அதாவது பேரரசர் அவமதிப்பு, அவர்மேல் பாய்ந்தது. 3 மாதத்திலிருந்து 5 வருஷம் வரை சிறை கொடுக்கலாம்.

நவம்பர் 2-ஆம் தேதி டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. சரணடைந்த பிறகு பேரரசருக்குப் பழைய தனி அந்தஸ்து கிடையாது, ஆகவே 74-ஆம் பிரிவு செல்லாது. ஆனாலும் ஒரு மனிதராக அவருக்கு மானம் உண்டு, ஆகவே அவதூறுக்கு எட்டு மாதம் சிறை. மறுநாளே புதிய அரசியலமைப்பு பிரகடனமாகி, அதையொட்டிப் பொது மன்னிப்பும் வந்தது. மன்னிக்கப்பட்ட குற்றங்களில் பேரரசர் அவமதிப்பும் ஒன்று.

மேல்முறையீட்டில் விஷயம் தலைகீழாகிவிட்டது. 1947 ஜூன் 28-இல் உயர் நீதிமன்றம், இது பேரரசர் அவமதிப்புதான், ஆனால் மன்னிப்பு வந்துவிட்டதால் வழக்கு முடிகிறது என்றது. கவனித்துப் பாருங்கள்: சிறைத்தண்டனை கொடுத்த தீர்ப்புதான் பேரரசரை நம்மைப்போல ஒரு மனிதராக்கியது. வெளியே விட்ட தீர்ப்போ அவரைப் பழைய பீடத்திலேயே மறுபடி உட்காரவைத்தது. நம் ஆட்களில் பலர் இந்த இடத்தில் கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். மட்சுஷிமா போகவில்லை. குற்றமே இல்லை என்று எழுதச் சொல்லி உச்ச நீதிமன்றம் வரை போனார். 1948 மே 26-இல் அதன் முழு அமர்வு தள்ளுபடி செய்தது. மன்னிப்பு வந்தபின் குற்றம் உண்டா இல்லையா என்று நீதிமன்றம் பார்க்க முடியாது என்றார்கள். நடைமுறைச் சட்டப்படி அதில் பெரிதாகக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் மக்களே இறையாண்மை உடையவர்கள், பேரரசர் நாட்டின் சின்னம் என்று அதற்குள் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தாயிற்று. அந்தச் சின்னத்தைப் பட்டினி கிடப்பவன் கிண்டல் செய்யலாமா என்ற கேள்விக்கு அந்த உச்ச நீதிமன்றம் பதில் சொல்லாமலே எழுந்துவிட்டது.

74-ஆம் பிரிவு தானாக ஒன்றும் போய்விடவில்லை. அதைக் காப்பாற்றப் பிரதமர் யோஷிதா ஷிகெரு, ஆக்கிரமிப்புப் படைத் தலைவர் மக்ஆர்தருக்குக் கடிதம் எழுதினார். மக்ஆர்தர் மறுத்தார். 1947 அக்டோபர் சட்டத் திருத்தத்தில் பிரிவு நீங்கியது. ஜனநாயகத்துக்காக அந்நிய ராணுவத் தளபதி ஒருவர் பிடிவாதம் பிடிக்க வேண்டியிருந்தது என்பது எனக்கு இன்றும் உறுத்தல்தான்.

சின்னம் என்ற அந்தச் சொல் பிறகு இன்னொரு வழக்கில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. 1988-இல் ஹிரோஹிட்டோ நோயில் கிடந்தபோது, நலம் விரும்பி மக்கள் பெயர் எழுதிப் போகச் சிபா மாகாணம் பொதுப் பணத்தில் ஏற்பாடு செய்தது. அந்தச் செலவைப் பேரரசரின் வாரிசிடமிருந்து மீட்க வேண்டும் என்று ஒரு குடிமகன் வழக்குப் போட்டார். 1989 நவம்பர் 20-இல் உச்ச நீதிமன்றம், பேரரசர் நாட்டின் சின்னம், அவர்மேல் உரிமையியல் அதிகாரவரம்பு கிடையாது என்று சுருக்கமாக முடித்துவிட்டது.

மட்சுஷிமாவுக்கு முதல் தீர்ப்பு சிறை கொடுத்தது அவதூறுக்கு அல்லவா? அவதூறுக்குப் பாதிக்கப்பட்டவரே புகார் கொடுக்க வேண்டும் என்பது ஜப்பானிய விதி. 74-ஆம் பிரிவை நீக்கிய அதே 1947 திருத்தம், 232-ஆம் பிரிவில் ஒன்றைச் சேர்த்தது: பேரரசர், பேரரசி போன்றோருக்காகப் பிரதமர் புகார் கொடுப்பார். அந்தச் சேர்க்கை இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.