மெஷினுக்கு முன்னால் காந்தம்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் பழம்பொருள் கடைகளை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பிவிடுவேன். இந்த முறை நண்பர் ஒருவர், “இந்தத் தூணும் கதவும் கடைக்கு வருமுன்னே எங்கே கிடந்ததுன்னு பார்க்க வேண்டாமா?” என்று ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகைக்குக் கூட்டிப் போனார்.

தரையில் பர்மாத் தேக்கு உத்தரம் ஒன்று பச்சை எனாமலோடு கிடந்தது. பர்மாவில் வட்டித் தொழில் செய்த நகரத்தார் கப்பலேற்றிக் கொண்டுவந்த மரம். 1942-இல் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்ததோடு அந்த வரவு முடங்கியது. பராமரிக்க ஆளில்லாத அவர்களது வீடுகள் பின்னாளில் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்டன.

அறுபதைத் தாண்டிய ஆசாரி அண்ணன் இழைப்பு மெஷினைத் தொடவே இல்லை. பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை எடுத்து உத்தரத்தின் மேல் சாண் சாணாக நகர்த்தினார். ஓரிடத்தில் ‘டக்’கென்று ஒட்டிக்கொண்டது. பெயிண்டைச் சுரண்டினால் தலை ஒடிந்த ஆணி, சுற்றிலும் கறுத்த மரம். உளியால் தோண்டிக் குறட்டால் பிடுங்க அரை மணி நேரம் ஆயிற்று.

“இந்த பிளேடு நிமிஷத்துக்கு 16,000 சுத்து சுத்தும் தம்பி. ஆணியில பட்டா பிளேடு போறது பெருசில்ல, தெறிச்சு நம்ம மேலதான் வரும்.”

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெஷினைக் கவிழ்த்தார். உருளையில் 82 மி.மீ. நீளத்தில் எதிரெதிரே இரண்டு பிளேடுகள். பின்தட்டின் மேல் இரும்பு ஸ்கேலை வைத்து, உருளையைக் கையால் மெல்லத் திருப்பினார். நுனி ஸ்கேலை உரசியும் உரசாமலும் போக வேண்டும். தூக்கலாக இருந்தால் மரத்தின் கடைசியில் பள்ளம் விழும். ஒன்று ஏறி ஒன்று இறங்கியிருந்தால் அலை அலையாகத் தழும்பு. தேக்கில் மணற்சத்து உண்டு, பிளேடு சீக்கிரம் மழுங்கிவிடும். சுருளாக விழுந்தது தூளாக விழ ஆரம்பித்தால் மாற்றிவிடுவார். பெல்ட்டும் கார்பன் பிரஷ்ஷும் தேய்ந்தால் புதுசு, அவ்வளவுதான்.

செதுக்கு வேலை உள்ள பக்கம் மெஷின் போகாது. அங்கே சுரண்டியும் உப்புத்தாளும்தான். வியாபாரிக்கோ அவசரம், கூலியோ சதுர அடிக் கணக்கு. வேறு பட்டறையில் சாண்டர் போட்ட, தூணின் தலையில் வரும் போதிகை ஒன்றை அண்ணன் காட்டினார். தாமரை இதழ்கள் கரைந்த சோப்புப் போல மழுங்கிக் கிடந்தன. நூறு வருஷத்துக்கு முந்திய ஒருவனின் உளித்தடம் அதில் இனி இல்லை. எனக்கு வயிறு எரிந்தது.

தூசி அதைவிட மோசம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் தாண்டக் கூடாதென்ற விதி இங்கே 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. இதுவோ அதற்கெல்லாம் முந்திய பெயிண்ட். மரத்தூளே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் வெளியிட்ட அறிக்கையில் சொல்லிவிட்டது. அண்ணனுக்கு இருப்பது ஓர் ஈரத்துண்டு. இந்தத் தூண்களை ஓட்டல்களுக்கு விற்றுக் காசு பார்க்கிறவர்கள், இழைக்கிறவன் மூச்சுக்கு ஒரு நல்ல முகமூடி வாங்கித் தரக் கூடாதா? கேட்டால் கூலியில் பிடிப்பார்களாம்.

துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு மெஷினை ஓட்டினார். பச்சை போய், அடியில் நீலம் வந்து, அதுவும் போய்ப் பொன்னிறம் தெரிந்தது. கொட்டகை முழுக்கத் தேக்கு வாசனை. நான் மரத்தைத் தடவிக்கொண்டிருக்க, அவர் மெஷினை நிறுத்திவிட்டு மறுபடியும் காந்தத்தை எடுத்தார்.

“ஒரு மில்லி கீழ எறங்கிட்டோம்ல. புதுசா ஏதாச்சும் தட்டுப்படும்.”