முள் பச்சையில் இருக்கிறதா?

திருவண்ணாமலை மலை உச்சியில் மகாதீபம் தெரிந்த பிறகுதான் எங்கள் ஊரில் வாசலில் அகல் ஏற்றுவோம். மூன்று வருடங்களுக்கு முன் அப்படி வைத்த அகல் சரிந்து, திண்ணையில் கிடந்த சாக்கு பற்றிக்கொண்டது. வீட்டிலிருந்த தீயணைப்பு சிலிண்டரைத் தூக்கி வந்து, பின்னை இழுத்து அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை. வாங்கி மாட்டியதோடு சரி. முள் சிவப்பில் கிடந்தது. மனைவிதான் மாட்டுத் தொட்டித் தண்ணீரை ஊற்றி அணைத்தார். பத்தடி தள்ளி வைக்கோல் போர்!

இப்போது மாதம் ஒருமுறை முள் பச்சையில் இருக்கிறதா என்று பார்க்கிறேன். பவுடர் கட்டியாகாமலிருக்க சிலிண்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து எடுக்கிறேன். கொஞ்சம் அடித்திருந்தாலும் மறுபடி நிரப்பிவிட வேண்டும். அடிக்கும்போது வெளியேறும் வழி முதுகுப் பக்கம் இருக்கட்டும். தீயின் அடியைக் குறிபார்த்து அடியுங்கள். அடங்காவிட்டால் வெளியே வந்து 101-ஐ அழையுங்கள்.

கார்த்திகைக்கு அகலைத் துடைக்கும்போது அந்த முள்ளையும் ஒருமுறை பாருங்கள்.