சிவப்பு அட்டையும் சேர்க்கைப் பதிவேடும்

எம் பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்து வெளியேறும் பிள்ளைகள் தானா ராத்தாவிலுள்ள இடைநிலைப் பள்ளிக்குப் பேருந்தேறிச் செல்வர். சென்ற சில திங்களுக்குள் அவர்களுள் பலருடைய முகம் வாடிவிடும். இங்குத் தமிழில் கேட்டுப் பழகிய செய்திகளை அங்கு மலாய்மொழியில் கேட்டு, மலாய்மொழியிலேயே எழுதவேண்டும். கணிதத்தில் எண்கள் துணைநிற்கும். அறிவியலில் படங்கள் துணைநிற்கும். வரலாற்றிலும் புவியியலிலும் சொற்களையன்றி வேறு துணையில்லை. ஆதலின் 2011-ஆம் ஆண்டு தொடங்கி, சனிக்கிழமைதோறும் மாலை நான்கு மணிக்கு, முதற்படிவம் முதல் மூன்றாம் படிவம் வரையிலுள்ள எம் பழைய மாணவர்க்கு அவ்விரு பாடங்களையும் எம் பள்ளியிலேயே கற்பித்து வருகின்றோம்.

தொடக்கத்தில் பெற்றோர் இதனை விரும்பினர் எனச் சொல்ல இயலாது. "ஐயா, கணக்கும் இங்கிலீசும் சொல்லிக் கொடுத்தால் உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். செத்துப்போன ராஜாக்கள் கதை சோறு போடுமா?" என்று தேயிலைத் தொழிற்சாலையில் பணிபுரியும் தந்தையார் ஒருவர் எம்மிடம் நேரிலேயே கேட்டார். 2013-ஆம் ஆண்டு முதல் எஸ்.பி.எம். சான்றிதழ் பெற வரலாற்றுப் பாடத்தில் தேர்ச்சி கட்டாயம் என்றானபின் அக்கேள்வி தானே அடங்கிற்று. ஆயினும் தேர்வைக் காட்டி அவரை வாயடைத்ததை யாம் ஒரு வெற்றியாகக் கருதவில்லை. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

புவியியலைக் கற்பிப்பதில் எமக்குச் சிரமமே இல்லை. வகுப்பறைக் கதவைத் திறந்தால் பாடநூல் வெளியே விரிந்து கிடக்கின்றது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் வாழும் பிள்ளைகளுக்கு, உயரம் கூடக் குளிர் கூடும் என்பதை விளக்கவேண்டியதில்லை; ஈப்போவுக்குச் சென்று வியர்த்துத் திரும்பியவர்கள் அவர்கள். மலைச்சரிவில் காடழிந்தால் மண் சரியும், சரிந்த மண் ஆற்றில் சேரும், ஆறு அதனை ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் கொண்டு சேர்க்கும் என்று யாம் சொல்லிக்கொண்டிருந்தோம். 2013-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் நாள் இரவில், பெருமழைக்குப்பின் சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் புகுந்து உயிர்களைக் கொண்டுபோன பின்னர், அப்பாடத்தை யாம் இரண்டாம் முறை சொல்லவேண்டியிருக்கவில்லை.

வரலாறுதான் எம்மைச் சோதித்தது. "1885-ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மேட்டுநிலத்தைக் கண்டுபிடித்தார்" என்று பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்த நாள் முதல் யாம் சொல்லி வந்தோம். இரண்டாம் படிவ மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, எங்கள் பேருந்தில் வரும் செமாய் பிள்ளைகளின் பாட்டன்மார் அப்பொழுது எங்கே இருந்தார்கள்?" என்றான். இங்கேதான் இருந்தார்கள். அன்று முதல் "கண்டுபிடித்தார்" என்னும் சொல்லை விடுத்து, "அளந்து எழுதினார்" என்று சொல்கின்றோம். ஜார்ஜ் மேக்ஸ்வெல் 1925-இல் இங்கு வந்து பார்த்ததும், ஜே. ஏ. ரஸ்ஸல் 1929-இல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கியதும், 1931-இல் தாப்பாவிலிருந்து சாலை முடிவுற்றதும் பிள்ளைகள் எளிதில் மனனம் செய்யும் செய்திகளே. அச்சாலை வழியே மூட்டையுடன் ஏறி வந்த நம் முன்னோர் ஒருவர் பெயரும் அவ்வரிசையில் இல்லை என்பதை, அந்நாளில் யாமும் எண்ணிப் பார்க்கவில்லை.

2012-ஆம் ஆண்டில் ஒரு சனிக்கிழமை. மூன்றாம் படிவப் பாடநூலில் அக்காலத்தில் மலாயன் யூனியன், 1948-ஆம் ஆண்டுக் கூட்டரசு உடன்படிக்கை, 1957-ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம் என அத்தியாயங்கள் இருந்தன. குடியுரிமைப் பகுதியை விளக்க, கரும்பலகையின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடிட்டு, அதன் தலையில் 31 ஆகஸ்ட் 1957 என்று எழுதினோம். அந்நாளிலும் அதன் பின்னரும் இந்நாட்டில் பிறந்தவர் சட்டப்படியே குடிமக்கள். அதற்கு முன் பிறந்தவருள் பலர் விண்ணப்பித்தே பெறவேண்டும். 1962-இல் இவ்விதி மேலும் இறுக்கமாயிற்று. இவ்வளவையும் சொல்லி, "விளங்கிற்றா?" என்றோம்.

மாணவி ஒருத்தி எழுந்தாள். "ஐயா, எங்கள் பாட்டி இந்தத் தோட்டத்தில்தான் பிறந்தார். அவரிடம் சிவப்பு அட்டை இருக்கிறது. பாட்டியின் தம்பியும் இங்கேதான் பிறந்தார். அவரிடம் நீல அட்டை இருக்கிறது. ஏன் ஐயா?"

இருவரும் பிறந்த ஆண்டுகளைக் கேட்டோம். பாட்டி 1949, தம்பி 1958. கோட்டின் இடப்புறம் ஒன்றையும் வலப்புறம் மற்றொன்றையும் எழுதினோம். ஒரே லயத்தில், ஒரே தாய் வயிற்றில் பிறந்த இருவருக்கு நடுவே எம் சுண்ணக்கட்டியின் கோடு நின்றது. வகுப்பில் ஒலியில்லை. இப்பாடத்தை யாம் எத்தனையோ முறை நடத்தியிருக்கின்றோம். அம்மூதாட்டியும் நாள்தோறும் எம் பள்ளி வேலியோரமாகவே கொழுந்துக் கூடையுடன் நடந்து போனவர். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எமக்குப் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி வேண்டியிருந்தது.

அடுத்த சனிக்கிழமை அம்மூதாட்டியை வகுப்புக்கு அழைத்தோம். அவர் நாற்காலியில் அமர மறுத்து, பிள்ளைகள் பலமுறை வற்புறுத்திய பின்னரே அமர்ந்தார். விடுதலைக்குப்பின் ஓராண்டுக் காலம், மலாய்மொழித் தேர்வின்றியே குடியுரிமைக்குப் பதிந்துகொள்ள வழியிருந்தது. அதைப்பற்றி அவர் தந்தையார் அறிந்திருந்தாரா என்று மாணவர் கேட்டனர்.

"கிராணி ரெண்டு தடவை கூப்பிட்டுச் சொன்னாராம், வாத்தியாரையா. ஊருக்குத்தானே திரும்பிப் போகப் போறோம், நமக்கு எதுக்கு இந்தக் காகிதம்னு எங்கப்பா போகலே. போனா ஒரு நாள் சம்பளமும் போயிடும். எட்டுப் பேரு சாப்பிடணுமே."

இந்திய அரசு 1938-இல் தொழிலாளர் வருகையைத் தடுப்பதற்குச் சிறிது முன்னர், கங்காணியின் பின்னே வந்தவர் அப்பெரியவர். ஊருக்குத் திரும்பவே இல்லை. இத்தோட்டத்து மண்ணிலேயே அடக்கமானார். 1969-இல் குடியுரிமை இல்லாதார்க்கு வேலை உரிமம் கட்டாயமானபோது மூதாட்டிக்கு வயது இருபது. அவருக்கு உரிமம் கிடைத்தது. பக்கத்து வீட்டார்க்குக் கிடைக்கவில்லை. அவர்கள் ரஜூலா கப்பலேறப் பினாங்குக்குப் புறப்பட்ட நாளில், வளர்த்த கோழிகளை இவர் வீட்டில் விட்டுச் சென்றனராம். நாடு முழுவதும் ஏறத்தாழ 60,000 தோட்டத் தொழிலாளர் அக்காலத்தில் இந்தியாவுக்குத் திரும்பினர் என்று யாம் சொன்னோம். பிள்ளைகள் அந்த எண்ணைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டனர். ஆனால் அவர்கள் மூதாட்டியிடம் திரும்பத் திரும்பக் கேட்டது அக்கோழிகள் என்னவாயின என்பதைத்தான்.

"இப்பொழுது விண்ணப்பிக்கலாமே, பாட்டி?" என்றான் ஒருவன். பிறப்புப் பத்திரம் இல்லை. லயத்துக் கூரை ஒரு புயல்மழையில் பெயர்ந்தபோது தகரப்பெட்டியும் அதிலிருந்தவையும் நனைந்து கூழாகிவிட்டன. இங்குப் பிறந்தார் என்பதற்குச் சான்று என்ன? யாம் விழித்துக்கொண்டிருக்கையில் அதே மாணவன், "ஐயா, முதற்படிவத்தில் வரலாற்று மூலங்கள் என்று படித்தோம். பாட்டி இந்தப் பள்ளியில்தானே படித்தார்? பழைய பதிவேடு இருக்காதா?" என்றான்.

அலமாரியின் சாவி எம் சட்டைப்பையில் இருந்தது. மூலங்களை முதன்மை மூலம், இரண்டாம் நிலை மூலம் என்று வகைப்படுத்திக் கற்பித்தவர் யாமே. கற்பித்ததைப் பயன்படுத்தியவன் அவன்.

மூன்று மாலைகள் தேடினோம். இராமபாணப் பூச்சி அரித்த பக்கங்களைப் புரட்டப் பெண்பிள்ளைகளே பொறுமையாயிருந்தனர். 1956-ஆம் ஆண்டுச் சேர்க்கையில் அவர் பெயர் இருந்தது. பிறந்த நாள், பிறந்த இடம் இத்தோட்டம், தந்தையார் தொழில் வெளிக்காட்டு வேலை என யாவும் நல்ல கையெழுத்தில் நீலமையால் எழுதப்பட்டிருந்தன. அவ்வரிசையின் இறுதிக் கட்டத்தில், 1960-இல் பள்ளியை விட்டு நீங்கியதற்குக் காரணமும் குறித்திருந்தது: தம்பியைப் பார்த்துக்கொள்ள. அப்பேத்தி அதனை வாய்விட்டுப் படித்தாள். நீல அட்டை வைத்திருக்கும் அதே தம்பி. மூதாட்டி மட்டும் சிரித்தார். "ஆமா, ஆயாக் கொட்டகையிலே விட்டா அழுதுக்கிட்டே கெடப்பான்" என்றார்.

பதிவேட்டின் படியை எடுத்து, பள்ளி முத்திரையிட்டு, கடிதமும் எழுதிக் கொடுத்தோம். தந்தையார் பெயரின் ஈற்றெழுத்து அட்டையில் ஒருவிதமாகவும் பதிவேட்டில் வேறுவிதமாகவும் இருந்தமையால் முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது. எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதிய காலம் அது. அதற்கும் ஒரு விளக்கக் கடிதம் எழுதினோம். நேர்காணல் மலாய்மொழியில் நடக்கும் என்று அறிந்ததும் எம் சனிக்கிழமை வகுப்பு தலைகீழாயிற்று. மூதாட்டி மாணவியானார், மூன்றாம் படிவத்தார் ஆசிரியராயினர். சந்தை மலாய் அவர் நாவில் தாராளமாய்ப் புழங்கும். மாநிலங்களின் பெயரும் தேசியப்பண்ணுமே அவருக்குப் புதியவை. அவ்வாண்டு மூன்றாம் படிவத்தார் வரலாற்றில் பெற்ற மதிப்பெண்களைப் பார்த்துவிட்டு, இடைநிலைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் எம்மிடம் காரணம் வினவினார். பிறர்க்குச் சொல்லிக்கொடுத்ததால் வந்த பயன் என்பதை அவர்க்கு எவ்வாறு விளக்குவது?

நீல அட்டை 2017-இல் கிடைத்தது. பேத்தி அவரை அஞ்சலகத்துக்கு அழைத்துச் சென்று வாக்காளராகப் பதிவு செய்தாள். 2018 மே 9-ஆம் நாள் பொதுத்தேர்தல். அம்முடிவு நீதிமன்றத்தால் செல்லாதென அறிவிக்கப்பட்டமையால், 2019 ஜனவரி 26-ஆம் நாள் கேமரன் மலையில் இடைத்தேர்தலும் வந்தது. அறுபத்தெட்டு ஆண்டுகள் ஒருமுறையும் வாக்களியாதவர், ஓராண்டுக்குள் இருமுறை விரலில் மை பூசிக்கொண்டார்.

எல்லார்க்கும் இவ்வாறு அமைந்ததென்று பெற்றோர் எண்ணிவிடலாகாது. அவருடன் விண்ணப்பித்த முதியவர் ஒருவர் 2016-இல் சிவப்பு அட்டையுடனேயே மறைந்தார். அவர் பெயரை எம் பதிவேட்டில் யாம் கண்டெடுக்க முடியவில்லை. அவ்வாண்டுப் பக்கங்கள் அரித்துப் போயிருந்தன. மற்றோர் அம்மையாருக்கு இன்னும் விடை வரவில்லை.

இன்று பாடத்திட்டம் மாறிவிட்டது. குடியுரிமை, அரசமைப்பு ஆகியவை நான்காம் படிவ நூலுக்குச் சென்றுவிட்டன. மூன்றாம் படிவ இறுதியில் இருந்த பொதுத்தேர்வும் 2022-இல் நீக்கப்பட்டது. நீக்கியதில் எமக்கு வருத்தமில்லை. நான்காம் படிவம் வரை அப்பாடத்தைத் தள்ளி வைத்ததில் மட்டும் சிறிது வருத்தமுண்டு; அதற்குள் நம் பிள்ளைகளுள் சிலர் தோட்டத்தை விட்டு வேலைக்குப் போய்விடுகின்றனர். ஆதலின் கரும்பலகையில் அக்கோட்டை இன்றும் மூன்றாம் படிவத்தார்க்கே இடுகின்றோம். தேயிலைக் காட்டில் இப்பொழுது வங்காளதேசத்தாரும் நேப்பாளத்தாரும் இந்தோனேசியரும் கொழுந்து வெட்டுகின்றனர். அவர்களுக்குக் கோட்டின் எப்பக்கம் இடம் என்று சென்ற மாதம் ஒரு சிறுவன் கேட்டான். அக்கேள்விக்காக வரும் சனிக்கிழமையை ஒதுக்கியுள்ளோம்.

பழைய சேர்க்கைப் பதிவேடுகளை மாணவர் துணியில் சுற்றி வைத்து, பெயர்களைப் புதிய ஏட்டில் படியெடுத்து வருகின்றனர். 1963 வரை முடிந்துள்ளது. தம் தாய்தந்தையரோ பாட்டன் பாட்டியரோ இப்பள்ளியில் பயின்றிருப்பின், பெற்றோர் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குமேல் வந்து பார்க்கலாம். அலமாரியின் சாவி இப்பொழுது மூன்றாம் படிவத்தாரிடம் உள்ளது.