உறை விழும் ஒழுங்கு

சுடப்பட்ட தோட்டாவில் குண்டு இலக்கை நோக்கிப் போய்விடுகிறது, வெடிமருந்து எரிந்து தீர்ந்துவிடுகிறது, மருந்தைப் பற்றவைக்கும் சிறு கிண்ணமான பிரைமர் நசுங்கிப் பயனற்றுப்போகிறது. பித்தளை உறை மட்டும் ஏறக்குறைய முழுதாக எஞ்சுகிறது. சுமார் 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் கலந்த இந்தப் பித்தளை, வெடிப்பின் அழுத்தத்தில் விரிந்து துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டி, வாயு பின்னோக்கிக் கசியாதபடி அடைத்துவிட்டு, அழுத்தம் தணிந்ததும் சற்றே சுருங்கி விடுபடும் இயல்புடையது என்பதால், அதே உறையைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து மீண்டும் நிரப்ப முடிகிறது. அமெரிக்காவில் இலக்குச் சுடும் போட்டிகளில் கலந்துகொள்வோர் பலர் தங்கள் தோட்டாக்களை வீட்டுப் பட்டறையிலேயே இவ்வாறு நிரப்பிக்கொள்கின்றனர். ரீலோடிங் எனப்படும் இப்பழக்கத்தைச் சார்ந்து அங்கே ஒரு தனிக் கருவித் தொழிலே வளர்ந்திருக்கிறது.

அத்தொழிலின் சிறந்த விளைவு புரோகிரசிவ் பிரஸ் என்னும் பொறியாகும். வட்டமான ஒரு சுழல்தட்டின் விளிம்பில் வெட்டப்பட்ட பள்ளங்களில் உறைகள் நிற்க, கைப்பிடியை ஒருமுறை இழுத்து விடும்போது, முதல் நிலையிலுள்ள உறை தன் அளவுக்கு இறுக்கப்பட்டுப் பழைய பிரைமரை இழக்கிறது, அடுத்ததில் புது பிரைமரும் மருந்தும் சேர்கின்றன, பின்வரும் நிலைகளில் குண்டு பொருத்தப்பட்டு வாய் நெருக்கப்படுகிறது. எல்லா நிலைகளும் நிரம்பிவிட்டபின் ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு முழுத் தோட்டா வெளிவருகிறது. இத்தகைய பொறிகளில் முன்னோடியானது சான் டியேகோ நகரில் உருவான ஸ்டார் என்னும் பிரஸ். பின்னாளில் அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேல் நகரில் இத்துறையின் பெருநிறுவனம் ஒன்றை நிறுவிய மைக் டில்லன், 1970களில் தம் பயணத்தைத் தொடங்கியதே, கைத்துப்பாக்கித் தோட்டாக்களுக்கென அமைந்த அந்த ஸ்டார் பொறியை ரைஃபிள் தோட்டாக்களுக்கும் ஏற்றபடி திருத்தியமைத்ததன் வழியாகத்தான். ஆகவே வாங்கிய பொறியை உரிமையாளர் தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்வது இத்துறையில் மரபு மீறல் ஆகாது. அதுவே இத்துறையின் மரபு.

அத்திருத்தங்களுள் மிகுதியானவை உறை ஊட்டும் அமைப்பைச் சுற்றியே நிகழ்கின்றன. இதற்குக் காரணம் உண்டு: பொறியின் மற்ற வேலைகளெல்லாம் ஏற்கெனவே பிடித்து நிறுத்தப்பட்ட ஒரு பொருளின்மீது நடப்பவை. உறையூட்டல் மட்டுமே குவியலாகக் கிடக்கும் பொருளை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒரே திசையில் நிமிர்த்தி, உரிய கணத்தில் உரிய இடத்தில் சேர்க்க வேண்டிய வேலை. சிறு பாகங்களை இவ்வாறு ஒழுங்குபடுத்துவதே தானியங்கி உற்பத்தியின் கடினமான பகுதி என்பதை மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி பூத்ராய்ட் விரிவாக ஆராய்ந்தார். ஒரு பாகத்தின் வடிவத்தில் எந்தச் சமச்சீரின்மை இருக்கிறதோ அதையே பிடித்துக்கொண்டுதான் இயந்திரம் அதன் தலையையும் காலையும் வேறுபடுத்திக் காண முடியும் என்பது அவ்வாய்வுகளின் அடிப்படைகளுள் ஒன்று. தோட்டா உறையில் அத்தகைய அடையாளங்கள் இரண்டு உள்ளன. அதன் அடிப்பகுதி கெட்டிப் பித்தளையாகவும் மேற்பகுதி மெல்லிய சுவராகவும் இருப்பதால் எடை அடிப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது ஒன்று. ஒரு முனை திறந்தும் மறுமுனை மூடியும் இருப்பது மற்றொன்று.

நல்ல ஊட்டமைப்புகள் யாவும் இவ்விரண்டில் ஒன்றையோ இரண்டையுமோ பயன்படுத்துகின்றன. சாய்வாக நிற்கும் தொட்டியில் மோட்டாரால் சுழலும் வட்டு, குவியலிலிருந்து உறைகளைத் தன் பள்ளங்களில் படுக்கைவசமாக ஏந்தி உச்சிக்குக் கொண்டுபோகிறது. அங்கே தாங்கும் விளிம்பு முடிந்ததும், கனமான அடிப்பக்கம் முதலில் தாழ, உறை நிமிர்ந்த நிலையில் குழாய்க்குள் விழுகிறது. நீளமான உறைகளில் இந்த எடை வேறுபாடு போதுமானதாக இருந்தாலும், 19 மில்லிமீட்டர் நீளமே உள்ள 9 மி.மீ. ரகத் தோட்டாவின் உறையிலும் அதனினும் குட்டையான .380 ரக உறையிலும் அது சில வேளைகளில் போதாமல் போய், உறை வாய்கீழாக விழுந்துவிடுகிறது. இதற்கு உரிமையாளர்கள் கண்ட தீர்வு மிக எளியது. விழும் வழியின் குறுக்கே ஒரு பக்கமாகச் சிறு முளை ஒன்றை நீட்டிவைத்தால், வாய் முன்னாக வரும் உறையின் திறப்புக்குள் அம்முளை நுழைந்து அந்த முனையைத் தடுத்து நிறுத்த, பின்னால் உள்ள அடிப்பக்கம் தொங்கித் திரும்பி முதலில் விழுகிறது. அடி முன்னாக வரும் உறையோ, மூடிய பரப்பு முளையில் பட்டு வழுக்கி, வந்த வாக்கிலேயே இறங்கிவிடுகிறது. கண்ணோ மின்னணு உணரியோ இன்றி, உறையின் வடிவமே தன் திசையைத் தீர்மானித்துக்கொள்ளும்படி செய்யும் இந்தச் சிறு முளை, நல்ல பொறியியல் சிந்தனை எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு முழுமையான சான்று.

குழாயைக் கடந்தபின் வரும் சிக்கல்கள் வேறு வகையானவை. குழாயின் அடியில் உள்ள சறுக்கி, அதாவது முன்னும் பின்னும் நகர்ந்து உறையைச் சுழல்தட்டின் பள்ளத்துக்குள் தள்ளும் சிறு துண்டு, ஒரு நேரத்தில் ஓர் உறையை மட்டுமே வெளியே கொண்டுபோக வேண்டும். பல அளவு உறைகளுக்கும் ஒரே குழாய் பயன்படும் பொறிகளில், 12 மி.மீ. அகலமான .45 உறை தாராளமாக இறங்கும் குழாயில் 10 மி.மீ. அகலமே உள்ள 9 மி.மீ. உறை சாய இடம் கிடைத்துவிடுவதால், ஒன்றின் வாய் மற்றொன்றின் அடியோடு ஆப்புப்போலச் சிக்கிக்கொள்கிறது; குழாயினுள் பொருத்தமான மெல்லிய உட்குழாய் ஒன்றைச் செருகுவது அதற்குத் தீர்வு. உறை நேராக இறங்கியும் பள்ளத்தின் விளிம்பில் மோதிச் சாய்ந்தால் குறை பெரும்பாலும் காலப் பொருத்தத்தில் இருக்கிறது. சுழல்தட்டு முழுதாக நிலைக்கு வந்து நிற்கும் முன்னரே சறுக்கி உறையைக் கொண்டுவந்தால் உறை விளிம்பில் இடறும். சறுக்கி தன் பயணத்தை முடிக்காமல் திரும்பினால் உறை பாதி வெளியே நின்று, மேலே எழும்போது, உறையை அளவுக்கு இறுக்கும் அச்சான டையின் வாயில் மோதி நசுங்கும். இவ்விரண்டையும் கைப்பிடியை மிக மெதுவாக நகர்த்திப் பார்ப்போர் எளிதில் பிரித்தறிவர். சறுக்கியை இயக்கும் கேம், அதாவது மேல்கீழ் அசைவைப் பக்க அசைவாக மாற்றும் சாய்வுத் தகடு, சற்று உயர்த்தியோ தாழ்த்தியோ பொருத்தப்படும்போது இக்குறை பல வேளைகளில் நீங்கிவிடுகிறது.

திருத்தும் முறையிலும் ஓர் ஒழுக்கம் தேவை. சேர்ப்பதை எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம், செதுக்கியதைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதால், அரத்தைக் கையில் எடுக்கும் முன் மெல்லிய தகட்டுத் துண்டை வைத்து இடைவெளியைச் சரிசெய்து பார்ப்பதே விவேகம். வார்ப்பில் மிஞ்சிய பிசிறுகளை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து மழமழப்பாக்குவது அநேகமாக எல்லாப் பொறிகளுக்கும் நன்மை தருகிறது; ஆனால் இரண்டு மாற்றங்களை ஒரே சமயத்தில் செய்துவிட்டால், எது பயனளித்தது என்பது தெரியாமலேயே போய்விடும். பொறியைக் குறைசொல்லும் முன் உறைகளையும் நோக்க வேண்டும். 9 மி.மீ. உறை .40 உறைக்குள்ளும், .40 உறை .45 உறைக்குள்ளும் நுழைந்து ஒளிந்துகொள்ளக் கூடியவை என்பதால், சரியாகப் பிரிக்கப்படாத குவியல் எவ்வளவு நேர்த்தியான ஊட்டமைப்பையும் முடக்கிவிடும்.

இவ்வளவு உழைப்பும் மணிக்கு எத்தனை தோட்டா என்னும் கணக்குக்காகவே எனில், அது பெரிதும் பொருட்படுத்தத் தக்கதன்று. உறையூட்டலின் உண்மையான மதிப்பு பாதுகாப்பில் இருக்கிறது. ரீலோடிங்கில் நேரும் பெருந்தவறுகள் இரண்டு: உறையில் மருந்தே விழாமற்போவது, இருமடங்கு விழுவது. முன்னதில் பிரைமரின் சிறு உந்துதலால் குண்டு குழலின் நடுவே நின்றுவிட, அதை அறியாமல் அடுத்துச் சுடும்போது குழல் வீங்கவோ வெடிக்கவோ கூடும்; பின்னதில் துப்பாக்கியே சிதறக்கூடும். கரும்பொடி மருந்துக்காக 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வடிவமைக்கப்பட்ட .38 ஸ்பெஷல் உறையில், இன்றைய புகையற்ற மருந்தின் மென்மையான அளவு பாதி இடத்தைக்கூட நிரப்பாது என்பதால், இருமடங்கு விழுந்தாலும் வழிந்து காட்டிக்கொடுக்காது. இத்தவறுகள் சீரான ஓட்டத்தின்போது அரிதாகவும், ஓட்டம் தடைப்பட்டு மீண்டும் தொடங்கும்போது எளிதாகவும் நேர்கின்றன. சாய்ந்த உறையை விரலால் நிமிர்த்தி, தட்டைப் பின்னோக்கித் திருப்பி, எந்த நிலையில் விட்டோம் என்று நினைவுகூர முயலும் அந்த இடைவெளியில்தான் கண் மருந்தின் மட்டத்தைப் பார்க்கத் தவறுகிறது. தட்டைக் கையாலேயே சுழற்ற வேண்டிய பொறிகளில் இந்த ஆபத்து இன்னும் மிகுதி. உறைகள் தடையின்றி வந்துகொண்டிருந்தால், இயக்குபவரின் பார்வை ஒவ்வோர் உறையின் உள்ளும் விழுந்த மருந்தின் மட்டத்தில் நிலைத்திருக்க முடிகிறது.

இதனாலேயே ஒரு திருத்தத்தின் தரத்தை, அது எவ்வளவு அழுத்தமாகத் தள்ளுகிறது என்பதைக் கொண்டு அளக்கக் கூடாது. அடைப்பு ஏற்படும் இடத்தில் இன்னும் வலுவான ஸ்பிரிங்கைப் பொருத்துவது மனத்தை எளிதில் ஈர்க்கும் வழி. அது சில நாள் பலனும் தரும். ஆனால் வலுவான ஸ்பிரிங் சிக்கலை நீக்குவதில்லை, கையின் உணர்விலிருந்து மறைத்துவிடுகிறது. பிரைமர்கள் நசுக்கினால் வெடிக்கக் கூடியவை. அவை நிறைந்த பொறியில் எதையும் வலிந்து இழுப்பது தகாது என்பது இத்துறையினர் முதலில் கற்கும் பாடம். மோட்டார் தொட்டியில் உறை சிக்கும்போது நசுக்காமல் நழுவிக்கொடுக்கும் கிளட்ச் வைக்கப்படுவதும் இதே எண்ணத்தால்தான். சரியான திருத்தம் என்பது, உறை நேராக வரும்போது கைக்குத் தெரியாமல் இயங்கி, கோணலாக வரும்போது உடனே கைக்குத் தெரியும்படி நின்றுவிடுகிற ஒன்றாகும். அவ்வகைத் திருத்தத்தைச் செய்யக் கற்றவர் பொறியின் வேகத்தைக் கூட்டுவதோடு நிற்பதில்லை. அதன் ஒவ்வோர் இழுப்பையும் உணர்ந்து நம்பும் தகுதியையும் பெறுகிறார்.